ஏற்றமும் இறக்கமும்: மலைச் சைக்கிள் கேள்வி–பதில்

வேலூரில் சைக்கிள் பட்டறை நடத்திவரும் ‘பட்டறைக்காரர்’ வாசகர்களின் கேள்விகளுக்குப் பதில் அளிக்கிறார்.

என்னிடம் 25,000 ரூபாய் இருக்கிறது. முன்னும் பின்னும் ஷாக் அப்சார்பர் வைத்த சைக்கிள் இந்த விலைக்குள் கிடைக்கிறது. முன்பக்கம் மட்டும் ஷாக் உள்ள சைக்கிளும் ஏறக்குறைய அதே விலைதான். இரண்டு ஷாக் உள்ளதுதானே லாபம்?
— கல்லூரி மாணவர், காட்பாடி

பார்வைக்கு லாபம்தான். இந்த விலையில் பின் ஷாக் என்று தருவது பெரும்பாலும் வெறும் சுருள் வில். அதன் துள்ளலை அடக்க எண்ணெயோ காற்றோ உள்ளே இருக்காது. பள்ளத்தில் அமுங்கும், அமுங்கிய வேகத்திலேயே உங்களைத் தூக்கியும் போடும். ஏற்றத்தில் இன்னும் மோசம். ஒவ்வொரு மிதிக்கும் வில் கொஞ்சம் அமுங்கி எழும். உங்கள் கால் பலத்தில் ஒரு பங்கை அதுவே சாப்பிட்டுவிடும். போதாக்குறைக்கு இரும்பு எடை வேறு. பாலமதி ஏற்றத்தில் பாதி வழியில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவர்களை ஞாயிற்றுக்கிழமை காலையில் போய்ப் பாருங்கள். அவர்களில் பலருடைய சைக்கிளில் பின்பக்கம் சிவப்பு நிற வில் மின்னும்.

இன்னொன்றையும் யோசியுங்கள். அதே விலைக்குக் கூடுதலாக ஒரு ஷாக் தருகிறார்கள் என்றால், வேறு எங்கோ கை வைத்திருக்கிறார்கள் என்று பொருள். ஹப்பில், பேரிங்கில், பிரேக்கில், கியரில்.

முன்பக்கம் மட்டும் 100 மில்லிமீட்டர் அமுங்கும் ஷாக், அலுமினிய ஃபிரேம், இரண்டு சக்கரத்திலும் டிஸ்க் பிரேக், 2.1 அல்லது 2.25 அங்குல அகல டயர். நம் பக்கத்து மலைகளுக்கு இது போதும். சக்கரம் 27.5 அங்குலமா, 29-ஆ என்று மண்டையை உடைத்துக்கொள்ள வேண்டாம். உயரமானவர் 29 எடுக்கட்டும். பின் சக்கரத்தின் பல்சக்கரம் மட்டும் முக்கியம். மரையில் முறுக்கும் ஃப்ரீவீல் என்றால் அச்சைத் தாங்கும் பேரிங் உள்ளே தள்ளி இருக்கும். கரடுமுரடில் குதித்தால் அச்சு வளையும். மரையில்லாமல் செருகி மாட்டும் கேசட் வகையில் இந்தத் தொல்லை குறைவு. கடைக்காரரிடம் கேளுங்கள். அவருக்கே தெரியாவிட்டால் அடுத்த கடைக்குப் போங்கள்.

கடையிலேயே ஒரு சோதனை செய்யலாம். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு ஹேண்டில்பார் மீது முழு எடையையும் போட்டு அழுத்திவிட்டு, சட்டென்று கையைத் தளர்த்துங்கள். ஷாக் ‘டக்’ என்று அடித்துத் திரும்பினால் அது வெறும் வில். நிதானித்து எழுந்தால் உள்ளே ஏதோ வேலை செய்திருக்கிறார்கள்.

25,000-ஐயும் சைக்கிளுக்கே கொடுத்துவிடாதீர்கள். 4,000 ரூபாயைத் தனியே எடுத்து வையுங்கள். ஹெல்மெட், கையுறை, கைப் பம்பு, மாற்று டியூப் எல்லாம் அதில்தான் வர வேண்டும். புதுச் சைக்கிளோடு வெறுந்தலையாக வந்து, “ஹெல்மெட் அடுத்த மாதம் வாங்கிக்கொள்கிறேன்” என்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வருகிறது.

பாலாற்றுப் பக்கம் போனாலே பஞ்சர். ட்யூப்லெஸ் மாற்றினால் தீருமா?
— குடியாத்தம் வாசகர்

முதலில் எந்த முள் என்று பாருங்கள். சீமைக்கருவேல முள் நீளமானது. டயரைத் துளைத்துக்கொண்டு போய் டியூபில் குத்தும், கண்ணுக்கும் தெரியும். நெருஞ்சி அப்படி இல்லை. அதன் காயில் பல திசைகளிலும் முள் இருப்பதால், எப்படி விழுந்தாலும் ஒன்று மேலே பார்த்துக்கொண்டிருக்கும். முனை டயருக்குள் ஒடிந்து நின்றுவிடும். நீங்கள் டியூபுக்கு ஒட்டுப் போட்டு மாட்டுவீர்கள். மறுநாள் காலையில் அதே இடத்தில் மறுபடியும் காற்று இறங்கியிருக்கும். ஒட்டியவரைத் திட்டுவீர்கள். அந்தத் திட்டை நானும் வாங்கியிருக்கிறேன்.

ஆகவே டியூபைக் கழற்றியதும் டயரின் உட்புறத்தைத் தடவிப் பார்க்க வேண்டும். விரலால் தடவினால் விரல்தான் கிழியும். ஒரு பஞ்சுத் துண்டை எடுத்து மெதுவாகச் சுற்றி வாருங்கள். முள் முனை இருக்கும் இடத்தில் பஞ்சின் இழை சிக்கி நிற்கும். அந்த இடத்தை வெளிப்பக்கமாக வளைத்து, மூக்கு நீண்ட இடுக்கியால் பிடுங்குங்கள். பிறகு டியூபை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது ஈரப் பளபளப்பு போய்க் காயும்வரை பொறுங்கள். இந்தப் பொறுமைதான் யாருக்கும் இல்லை. ஈரத்தோடு ஒட்டிய ஒட்டு வேலூர் வெயிலில் உரிந்துவிடும்.

டியூபில் பக்கம் பக்கமாக இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளின் மேல் பழி போடாதீர்கள். காற்று குறைவாக இருந்து, கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கியிருக்கிறது. 70 கிலோ எடையுள்ளவர் டியூப் போட்ட 2.2 அங்குல டயரில் காற்றழுத்தம் 30 முதல் 35 பி.எஸ்.ஐ. வரை வைத்துப் பார்க்கலாம். மோட்டார் சைக்கிள் பஞ்சர் கடையில் கண்ணை மூடிக்கொண்டு 60 ஏற்றிவிடுவார்கள், சொல்லித் தடுங்கள்.

இனி ட்யூப்லெஸ். நெருஞ்சிக்கு அதுதான் சரியான மருந்து. உள்ளே ஊற்றும் சீலன்ட் திரவம் சிறு ஓட்டைகளைத் தானே அடைத்துவிடும். ஆனால் ரிம், டயர் இரண்டுமே அதற்கென்று செய்ததாக இருக்க வேண்டும். நம் ஊர்ச் சூட்டில் சீலன்ட் சீக்கிரம் காய்ந்துவிடும். இரண்டு மூன்று மாதத்துக்கு ஒருமுறை பார்த்து ஊற்ற வேண்டும். அந்த வேலை முடியாது என்றால், மோட்டார் சைக்கிளில் வருவது போன்ற தடித்த வால்வு உள்ள டியூபை வாங்கி, வால்வின் உள் ஊசியைக் கழற்றி அதற்குள்ளேயே சீலன்ட் ஊற்றலாம். பாதி வெற்றி, செலவு கால்வாசி. அந்தத் தடித்த வால்வுக்கு இன்னொரு நன்மையும் உண்டு: எந்தக் கிராமத்துப் பஞ்சர் கடையிலும் காற்று பிடிக்கலாம். மெல்லிய பிரெஸ்டா வால்வு என்றால் அடாப்டர் ஒன்றைப் பையில் வைத்துக்கொள்ளுங்கள்.

என் உயரம் ஐந்தடி ஒரு அங்குலம். அண்ணனின் மலைச் சைக்கிளை ஓட்டுகிறேன். 10 கிலோமீட்டர் தாண்டினால் சீட் வலி உயிர் போகிறது. ஜெல் சீட் போடலாமா?
— வாசகி, ராணிப்பேட்டை

சீட்டை மாற்றும் முன் சைக்கிள் உங்களுக்குப் பொருந்துகிறதா என்று பாருங்கள். ஃபிரேம் குழாயின் இருபுறமும் கால் வைத்து நில்லுங்கள். இடையில் இரண்டு அங்குலமாவது இடைவெளி வேண்டும். இல்லையென்றால் அது அண்ணனின் சைக்கிளாகவே இருக்கட்டும்; கரடுமுரடான பாதையில் திடீரென்று கால் ஊன்றும்போது அடிபடும். இடைவெளி இருந்தால், சீட் உயரத்தைச் சரிசெய்யுங்கள். சீட்டில் அமர்ந்து, கீழே இருக்கும் பெடலில் குதிகாலை வைத்தால் முழங்கால் நேராக நிற்க வேண்டும். மிதிக்கும்போது முன் பாதத்தால் மிதித்தால் தேவையான மடிப்பு தானாக வந்துவிடும்.

ஜெல் மெத்தை முதல் அரை மணி நேரம் சுகமாக இருக்கும். பிறகு எலும்பு அதில் புதைந்து சுற்றியுள்ள சதை நசுங்கும். பெண்களுக்கு இடுப்பெலும்பு சற்று அகலம் என்பதால் பின்புறம் அகன்ற, கொஞ்சம் கெட்டியான சீட்டே நல்லது. உள்ளே பஞ்சு தைத்த சைக்கிள் கால்சட்டை ஒன்று வாங்குங்கள். மேலே சுடிதார் அணிந்தால் வெளியே தெரியாது. துப்பட்டாவை மட்டும் வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள்.

ஹெல்மெட் போட்டால் முடி கொட்டுமா?
— வாசகர், ஆற்காடு

கொட்டாது. கொட்டினாலும் தலை மிஞ்சும்.

ஒரே நாளில் ஏலகிரி ஏறி இறங்கத் திட்டம். என் சைக்கிளில் கேபிள் டிஸ்க் பிரேக். என்ன கவனிக்க வேண்டும்?
— வாசகர், ஆம்பூர்

எல்லோரும் ஏற்றத்தைப் பற்றிக் கேட்கிறார்கள். நீங்கள் பிரேக்கைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள், மகிழ்ச்சி. பொன்னேரியிலிருந்து ஏறும் சாலையில் புலவர்கள், வள்ளல்களின் பெயர் சூட்டிய 14 கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. ஏறும்போது முடியவில்லை என்றால் நிழலில் உட்காரலாம். இறங்கும்போது முடியவில்லை என்று சொல்ல முடியாது.

போவதற்கு முந்தின வாரமே பிரேக் பேடைக் கழற்றிப் பாருங்கள். உலோகத் தகட்டின் மேலுள்ள கட்டி ஒரு மில்லிமீட்டருக்குக் குறைந்திருந்தால் மாற்றிவிடுங்கள். கேபிள் ஓட ஓட நீளும். லீவர் ஹேண்டில்பாரைத் தொடும் அளவுக்கு வந்தால் திருகு மரையில் இறுக்குங்கள். செயினுக்கு எண்ணெய் அடிக்கும்போது டிஸ்க் தகட்டில் ஒரு துளிகூடத் தெறிக்கக் கூடாது. துருவெடுக்கும் ஸ்பிரேயை டிஸ்க்கில் அடித்துப் பளபளப்பாக்கிக் கொண்டுவருகிற புண்ணியவான்கள் உண்டு. பேடு எண்ணெயைக் குடித்துவிட்டால் பிரேக் பிடிக்காது, கத்த மட்டும் செய்யும்.

இறங்கும்போது பிரேக்கை அரைகுறையாகத் தேய்த்துக்கொண்டே வராதீர்கள். சூடேறிப் பிடிப்பு குறையும். நேர்ச்சாலையில் வளைவுக்கு முன்பே இரண்டு பிரேக்கையும் நன்றாகப் பிடித்து வேகத்தைக் குறையுங்கள், வளைவுக்குள் விட்டுவிடுங்கள். நடுவில் இரண்டு இடத்தில் நின்று ஆறவிடுங்கள். டிஸ்க்கை விரலால் தொட்டுப் பார்க்க வேண்டாம், கொப்புளம் வரும். ரிம்மைப் பிடிக்கும் பழைய பிரேக் என்றால் இன்னும் எச்சரிக்கை: ரிம் சூடேறினால் டியூபே வெடிக்கலாம்.

விடிவதற்குள் புறப்படுங்கள். மணிக்கு அரை லிட்டர் முதல் ஒரு லிட்டர் தண்ணீர், வெயிலேறினால் ஓ.ஆர்.எஸ். ஒரு பாக்கெட். உங்கள் ஊர் பிரியாணியை இறங்கிவந்த பிறகு சாப்பிடுங்கள். ஏறும்முன் சாப்பிட்டால் மூன்றாவது வளைவிலேயே அது தன் வேலையைக் காட்டும்.

நாங்கள் நான்கு நண்பர்கள். வேலூரிலிருந்து ஜவ்வாது மலை வழியாக இரண்டு நாள் பயணம் போக ஆசை. காட்டுப் பாதையில் போகலாமா?
— வாசகர், சாய்நாதபுரம்

வழி இது: வேலூர், கணியம்பாடி, அமிர்தி, மேலே ஜமுனாமரத்தூரில் இரவு தங்கல், மறுநாள் காவலூர், ஆலங்காயம் வழியாக வாணியம்பாடிக்கு இறக்கம். தார்ச்சாலையிலேயே இது போதுமான சாகசம். மழை முடிந்து தை பிறக்கும் காலம் நல்லது. பெருமழைக்கு மறுநாள் மண்பாதையில் இறங்காதீர்கள். செம்மண் டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் அடைத்துக்கொண்டு சக்கரம் சுற்றாது, குச்சியால் நோண்டிக்கொண்டே போக வேண்டியதுதான்.

காட்டுப் பாதை விஷயத்தில் கறாராகவே சொல்கிறேன். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைவது 1882-ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் நடந்த காட்டுத்தீ விபத்துக்குப் பின் கெடுபிடி அதிகம். யாரோ போன தடத்தைச் செல்போனில் பார்த்துவிட்டு, “பாதை இருக்கிறதே” என்று நுழைந்துவிடாதீர்கள். பழைய வட ஆற்காடு 1989-இல் இரண்டானது, வேலூர் மாவட்டம் 2019-இல் மூன்றானது. அதனால் உங்கள் இரண்டு நாள் வழியில் அமிர்தி வேலூர் மாவட்டம், ஜமுனாமரத்தூர் திருவண்ணாமலை, காவலூர் திருப்பத்தூர். மலை ஒன்றுதான், விசாரிக்க வேண்டிய வன அலுவலகங்கள் வேறு வேறு. கரடி உள்ள காடு. விடியற்காலையிலும் அந்தியிலும் சாலையைவிட்டு விலக வேண்டாம். மாசி முதல் காட்டுத்தீக் காலம். அப்போது அனுமதியே கேட்காதீர்கள்.

காவலூரில் வைணு பாப்பு வானியல் ஆய்வகம் இருக்கிறது. 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே நிற்கிறது. பார்வையாளர் நேரத்தை முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். இருட்டுக்காகவே தேர்ந்தெடுத்த இடம் அது. மாலை தாண்டிப் போனால் விளக்கில்லாமல் ஒன்றும் தெரியாது.

நான்கு பேருக்கும் சேர்த்து ஒரு செட் கருவி போதும்: மடக்குச் சாவி, செயின் கழற்றி, செயின் இணைப்புக் கண்ணி, டயர் லிவர், ஒட்டுச் சாமான். டியூப் மட்டும் ஆளுக்கொன்று. பின் கியரைத் தாங்கும் சிறிய அலுமினியக் கொக்கி ஒன்றையும் உங்கள் சைக்கிள் மாடலுக்கே வாங்கி வையுங்கள். சைக்கிள் வலப்பக்கம் விழுந்தால் முதலில் வளைவது அதுதான், ஒரு மாடலுக்குள்ளது இன்னொன்றுக்குப் பொருந்தாது. ஜமுனாமரத்தூரில் எல்லாம் கிடைக்கும், அது கிடைக்காது.

வாணியம்பாடியிலிருந்து வேலூருக்கு 60 கிலோமீட்டருக்கும் மேல், முழுக்க லாரி ஓடும் நெடுஞ்சாலை. களைத்த உடம்போடு அதில் வர வேண்டாம். முன்பே ஒரு ‘குட்டி யானை’ வண்டி பேசி வைத்து, சைக்கிள்களோடு ஏறி வந்துவிடுங்கள். சைக்கிள்களுக்கு நடுவே பழைய சாக்கு போடுங்கள். டிஸ்க் தகடு வளைவது பெரும்பாலும் மலையில் அல்ல, வண்டியில்தான்.

மோர்தானா அணைக்கு அப்பால் சைக்கிளில் போகலாமா?
— வாசகர், பேரணாம்பட்டு

அணை வரை போங்கள். அதற்கு அப்பால் ஆந்திரத்தின் கவுண்டின்யா சரணாலயம்; அங்கிருந்து யானைகள் நம் பக்கத்துக் கொல்லைகளுக்கு வந்துபோவது உங்களுக்குத் தெரியாததா? சைக்கிள் சத்தமே இல்லாமல் போகும் வண்டி. யானைக்கும் தெரியாது, உங்களுக்கும் தெரியாது. வளைவில் சந்தித்தால் இருவருக்கும் அதிர்ச்சி.

என்னிடம் தந்தை காலத்து 22 அங்குலச் சைக்கிள் இருக்கிறது. கம்பி பிரேக். ஜவ்வாது மலைக்குப் போகலாமா? வயது 61.
— ஓய்வுபெற்ற ஆசிரியர், ஆரணி

ஐயா, தள்ளிக்கொண்டு ஏறிவிடலாம், இறங்க முடியாது. அந்தக் கம்பி பிரேக் சமதளத்துக்குச் செய்தது. போளூர் வரை பஸ், அங்கிருந்து மலைக்கும் பஸ் என்று போய்வாருங்கள். ஏரிக்கரைக்கும் வயல் வரப்புக்கும் உங்கள் சைக்கிளை மிஞ்ச ஒன்றும் இல்லை. பிரேக் ரப்பரை மட்டும் மாற்றிவிடுங்கள். இப்போதும் கிடைக்கிறது, என் பட்டறையிலும் வைத்திருக்கிறேன்.