ஒவ்வோர் அறைக்கும் தனி வெப்பநிலை வைக்க முடியுமா?

ஜோகன்னஸ்பர்க்கில் வெந்நீர் ரேடியேட்டர் (வெந்நீர் ஓடி அறையைச் சூடாக்கும் உலோகப் பலகை) உள்ள வீடு. ஹாலில் ஒரே தெர்மோஸ்டாட், அதாவது வெப்பநிலையைப் பார்த்து, நீரைச் சூடாக்கும் பாய்லரை ஓட்டி நிறுத்தும் கருவி. ஜூலைக் குளிரில் பாட்டியின் அறை மட்டும் சூடேறுவதில்லை என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அந்த ரேடியேட்டரைத் தொட்டுப் பாருங்கள். கீழே சூடு, மேலே குளிர் என்றால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அதை வெளியேற்றினாலே போதும்.

இல்லையென்றால் காரணம் ஹால்தான். அது சீக்கிரம் சூடானதும் தெர்மோஸ்டாட் பாய்லரை நிறுத்திவிடுகிறது; பாட்டி குளிரில் நடுங்குகிறார். ஹால் ரேடியேட்டரின் மறுமுனையில் மூடி போட்ட வால்வு இருக்கும். அதைச் சற்றே இறுக்கினால் ஹால் மெதுவாகச் சூடேறும், பாய்லர் கூடுதல் நேரம் ஓடும்.

மற்ற அறைகளுக்குத் தெர்மோஸ்டாட் வால்வு போடுங்கள். அதன் தலைக்குள் உள்ள மெழுகோ திரவமோ சூட்டில் விரிந்து ஊசியை அழுத்தி, வெந்நீரைக் குறைக்கும். இதற்கு மின்சாரமே வேண்டாம். மின்வெட்டில் நிற்பது வெந்நீரைச் சுற்றவிடும் பம்புதான். பெரும்பாலான வால்வுகளின் தலையில் உள்ள எண்களில் 3 என்பது ஏறக்குறைய 20 டிகிரி. திரைச்சீலை வால்வின் தலையை மூடினால் அறை சூடாகிவிட்டதென்று தப்பாக எண்ணி அடைத்துக்கொள்ளும்.

ஹாலில் மட்டும் இந்த வால்வு வேண்டவே வேண்டாம். இரண்டு தெர்மோஸ்டாட்டும் ஒன்றோடொன்று மோதும். எல்லா ரேடியேட்டர்களும் ஒரே குழாயில் இணைந்த பழைய ஒற்றைக் குழாய் அமைப்பென்றால் அதற்கென்றே செய்த வால்வைக் கேட்டு வாங்குங்கள்.