இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறினால் மீட்டரை மாற்றாதீர்கள்

கேள்வி: 1969-ஆம் வருட டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் கார் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறேன். பாதி டேங்க் பெட்ரோலுக்கே முள் ‘ஃபுல்’லைத் தாண்டி நிற்கிறது. வெப்ப முள்ளும் ‘எச்’ பக்கமே இருக்கிறது. ஆனால் தண்ணீர் கொதிப்பதில்லை. ஸ்பீடோமீட்டர் ஜிபிஎஸ் கணக்கைவிடப் பத்து சதவீதம் கூட்டிக் காட்டுகிறது. மூன்று மீட்டரையும் மாற்றச் சொல்கிறார் பட்டறைக்காரர். மாற்றலாமா?
- வாசகர், கும்பகோணம்

பதில்: இப்போதைக்கு ஒன்றையும் மாற்ற வேண்டாம். பெட்ரோல் மீட்டர், வெப்ப மீட்டர் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வோல்டேஜ் ஸ்டெபிலைசர் உண்டு. டேஷ்போர்டுக்குப் பின்னால், தீப்பெட்டிக்குள் அடங்கிவிடும் அளவில் ஒரு தகர டப்பி. உள்ளே இருக்கும் இரட்டை உலோகத் தகடு சூடாகி விலகும், ஆறி ஒட்டும். இப்படி விட்டுவிட்டுக் கொடுத்துச் சராசரியாக 10 வோல்ட் அனுப்பும். அந்தத் தகட்டைச் சூடாக்கும் கம்பிக்கு எர்த் வேண்டும். அது டப்பியின் உடம்பு வழியாகத்தான் கிடைக்கிறது. திருகு துருப்பிடித்தாலோ, டிங்கரிங்கில் அந்த இடத்துக்கும் பெயின்ட் அடித்துவிட்டாலோ எர்த் போய்விடும். அப்புறம் தகடு விலகவே விலகாது. பேட்டரியின் 12, 14 வோல்ட் அப்படியே மீட்டருக்குப் போகும், இரண்டு முள்ளும் சேர்ந்து ஏறும். நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் உப்புக்காற்றில் நிற்கும் வண்டிகளுக்கு இது இன்னும் சீக்கிரம் வரும்.

டப்பியைக் கழற்றி, திருகு உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து, பழையபடி நிமிர்த்தியே மாட்டுங்கள். சாய்த்து மாட்டினால் அளவு மாறும். சாவியைப் போட்டு, டப்பியில் மீட்டர்களுக்குப் போகும் ‘ஐ’ (I) முனையில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். அளவு 12-க்கும் 0-வுக்கும் தாவினால் டப்பி வேலை செய்கிறது. தாவாமல் 12-லேயே நின்றால் டப்பிக்குள்தான் கோளாறு. அதற்குப் பதிலாக, சீராக 10 வோல்ட் கொடுக்கும் 7810 ரெகுலேட்டர் ஐசி போதும். எலக்ட்ரானிக்ஸ் கடையில் சில்லறைக் காசுக்குக் கிடைக்கும். உள்ளே வரும் பக்கம் 0.33, வெளியே போகும் பக்கம் 0.1 மைக்ரோஃபேரட் கெப்பாசிட்டர் வைத்து, ஐசியின் முதுகுத் தகட்டை பாடியோடு முடுக்குங்கள். இது நெகட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த வண்டிக்கு மட்டும். ஸ்பிட்ஃபயரில் 1967-இல் வந்த மார்க் 3 மாடல் முதல் நெகட்டிவ் எர்த்தான். ஆனாலும் பேட்டரியில் எந்த முனை பாடிக்குப் போகிறது என்று கண்ணால் பார்த்துவிட்டே மாட்டுங்கள்.

அதன் பிறகு பெட்ரோல் முள் மட்டும் தப்பாக நின்றால், டேங்குக்குள் பெட்ரோல் மட்டத்தை அளந்து மீட்டருக்குச் சொல்லும் டேங்க் யூனிட்டைச் சந்தேகியுங்கள். அதன் ஒயரைக் கழற்றி, ஒயருக்கும் பாடிக்கும் நடுவே 68 ஓம் ரெசிஸ்டர் வையுங்கள். முள் மெதுவாகத்தான் நகரும். அரை நிமிடம் பொறுத்தால் பாதியில் நிற்க வேண்டும். நின்றால் மீட்டர் நல்லது, டேங்க் யூனிட்டில் கோளாறு. யூனிட் காலி டேங்கில் சுமார் 250, நிறைந்த டேங்கில் சுமார் 20 ஓம் காட்ட வேண்டும். ‘எல்லா வண்டிக்கும் பொருந்தும்’ என்று சொல்லி 10 முதல் 180 ஓம் வரையுள்ள யூனிட்டைத் தலையில் கட்டுவார்கள். அது நேர் எதிராக ஓடும்: டேங்க் நிறைந்தால் ‘காலி’ என்னும்! யூனிட்டைக் கழற்றும்போது பேட்டரி ஒயரை எடுத்துவிடுங்கள், பக்கத்தில் தீப்பொறி கூடாது. யூனிட்டில் பெட்ரோல் மேல் மிதக்கும் ஃப்ளோட்டைக் காதருகே குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது ஓட்டை. இப்போதைய எத்தனால் கலந்த பெட்ரோலுக்குப் பழைய ரப்பர் வாஷர் தாங்காது. விட்டான் (பெட்ரோலைத் தாங்கும் செயற்கை ரப்பர்) வாஷர் கேட்டு வாங்குங்கள்.

வெப்ப முள் மட்டும் இறங்காவிட்டால், மீட்டரைக் குறை சொல்வதற்கு முன் எஞ்சினில் தண்ணீர் ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் தெர்மோஸ்டாட்டின் மூடியை இன்ஃப்ராரெட் தெர்மாமீட்டரால் அளந்துவிடுங்கள். முள் உண்மையே சொல்லிக்கொண்டிருக்கலாம்.

ஸ்பீடோ கதை வேறு. முதலில் டயரைப் பாருங்கள். 145/80 ஆர்13 டயரின் வெளிவிட்டம் சுமார் 562 மி.மீ.; 165/60 ஆர்13 போட்டிருந்தால் 528 மி.மீ. சின்ன டயர் அதிகம் சுற்றுவதால் அதிலேயே ஆறு சதவீதம் கூடிவிடும். மீதி, அந்தக் கால மீட்டர்களுக்கே உரிய தாராளம். முள் ஆடினால் கேபிளைத் துடைத்து லேசாக கிரீஸ் தடவுங்கள். மீட்டர் பக்கம் ஒரு சாண் நீளத்துக்கு மட்டும் தடவக் கூடாது. கிரீஸ் மேலேறி மீட்டருக்குள் புகுந்துவிடும்.

பட்டறையில் வேலை கொடுப்பதானால் என்ன மாற்றினார்கள் என்று பில்லில் எழுதி வாங்குங்கள், கழற்றிய பாகங்களையும் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போக நேர்ந்தால் அவைதான் சாட்சி. இரண்டு வருடத்துக்குள் மனு போட வேண்டும்.