புகை விடும் ஆர்எக்ஸ் 100: போர் போடும் முன் கிராங்க் சீலைப் பாருங்கள்

கேட்டது இதுதான்: 1994 மாடல் யமஹா ஆர்எக்ஸ் 100, புகை நிற்கவே இல்லை, வண்டிக்குக் கீழே ஒரு சொட்டு எண்ணெய்கூட விழவில்லை, மெக்கானிக் போர் போட, அதாவது சிலிண்டரைக் கடைந்து பெரிய பிஸ்டன் மாட்டச் சொல்கிறார். ஆயில் சீல் போயிருக்குமா, எஞ்சினைப் பிரிக்காமல் எப்படித் தெரிந்துகொள்வது?

இப்போதைக்குப் போர் போடச் சம்மதிக்காதீர்கள். நானும் இதே பேச்சைக் கேட்டு என் வண்டிக்குப் போர் போட்டேன். புது பிஸ்டன், புது ரிங், முதல் ஆயிரம் கிலோமீட்டர் பொத்திப் பொத்தி ஓட்டினேன், புகை மட்டும் அப்படியே இருந்தது. கடைசியில் பார்த்தால் கிளட்ச் பக்கத்து கிராங்க் சீல். ரப்பர் உதடு இறுகிப்போய், நகத்தால் அழுத்தினால் பிளாஸ்டிக் மாதிரி விறைப்பாக நின்றது. போட்ட போர் பணம் திரும்பி வராது, அதைவிட நல்லா இருந்த ஒரிஜினல் சிலிண்டரை ஒரு சைஸ் தேய்த்துவிட்டேனே என்ற வருத்தம் இன்றைக்கும் இருக்கிறது.

டூ ஸ்ட்ரோக்கில் "கீழே ஒழுகினால்தான் சீல் போச்சு" என்ற கணக்கு செல்லாது. ஃபோர் ஸ்ட்ரோக்கில் சீல் போனால் எண்ணெய் வெளியே வரும், துடைத்துவிட்டுக் கொஞ்ச நாள் ஓட்டலாம். இங்கே கிராங்க் அறையே ஒரு பம்ப். பிஸ்டன் மேலே ஏறும்போது கார்புரேட்டரிலிருந்து காற்றையும் பெட்ரோலையும் இழுக்கிறது, இறங்கும்போது அதையே அழுத்தி சிலிண்டருக்குள் தள்ளுகிறது. அந்த அறையின் இரண்டு பக்கமும், கிராங்க் ஷாஃப்ட் வெளியே வரும் இடத்தில் அடைத்து நிற்பது இரண்டு ரப்பர் வளையங்கள், அவைதான் கிராங்க் சீல்கள். ஒன்று விட்டுப்போனாலும் எஞ்சின் இழுக்கக் கூடாத இடத்திலிருந்து இழுக்கும். எந்தப் பக்கத்துச் சீல் போயிருக்கிறதோ அதற்கேற்ப நோயும் வேறு.

ஆர்எக்ஸ் 100-இல் வலது பக்கம் கிளட்ச், இடது பக்கம் மின்சாரம் உண்டாக்கும் மேக்னட். வலது சீல் போனால் எஞ்சின் கிளட்ச் பக்கம் இருக்கும் கியர் ஆயிலை உறிஞ்சி எரிக்கும். புகை அடர்த்தியாக வரும், பிளக் ஈரமாகக் கறுத்துப்போகும், சைலன்சர் வாயில் பிசுபிசுப்பு படியும். பெட்ரோலோடு சேர்ந்து எரியும் 2டி ஆயில் புகைக்கு ஒரு வாசனை உண்டு, ஆர்எக்ஸ் ஓட்டியவர்களுக்குத் தெரியும். இது அது இல்லை, கருகிய எண்ணெய் நாற்றம். மலை இறக்கத்தில் இன்னும் தெளிவாகத் தெரியும். திம்பத்திலிருந்து பண்ணாரி இறங்கும்போது ஆக்சிலேட்டரை மூடியே வருவோம் இல்லையா, அப்போது கிராங்க் அறையில் இழுவிசை அதிகம், கியர் ஆயில் உள்ளே போய்ச் சேர்ந்துகொண்டே இருக்கும். கீழே வந்து ஆக்சிலேட்டரைத் திருகினால் பின்னால் வருகிறவர் கண்ணுக்கு ரோடே தெரியாது. என் வண்டி அப்படித்தான் செய்தது, அப்போது எனக்குப் புரியவில்லை.

இதற்கு நேரடியான சோதனை, கியர் ஆயிலை வடித்து அளப்பது. புது ஆயிலை மேனுவலில் சொன்ன அளவுக்கு அளந்து ஊற்றுங்கள், 300 கிலோமீட்டர் ஓட்டுங்கள், எஞ்சின் சூடாக இருக்கும்போதே நெடுநேரம் வடியவிட்டு அளவு ஜாடியில் பாருங்கள். வெளியே ஒழுகாமல் கணிசமாகக் குறைந்திருந்தால் அது போன இடம் ஒன்றுதான். வடித்த ஆயிலை மோந்தும் பாருங்கள். சில வண்டிகளில் உறிஞ்சுவதைவிடத் தள்ளுவது அதிகமாக இருக்கும், அப்போது பெட்ரோல் கியர் பாக்ஸுக்குள் வரும், ஆயில் தண்ணீராட்டம் ஓடும், பெட்ரோல் வாடை மூக்கில் ஏறும்.

இதில் ஏமாறும் இடம் ஒன்று உண்டு, 2டி ஆயிலை எஞ்சினுக்கு அனுப்பும் ஆயில் பம்ப். பம்பின் செக் வால்வு சரியாக மூடாவிட்டால் நிறுத்தி வைத்த நேரத்தில் 2டி ஆயில் மெல்ல உள்ளே இறங்கித் தேங்கும். காலையில் ஸ்டார்ட் பண்ணினால் தெருவே புகை, இரண்டு மூன்று கிலோமீட்டர் போனதும் தெளிந்துவிடும். புகை காலையில் மட்டும்தான், கியர் ஆயில் அளவும் குறையவில்லை என்றால் சீலைத் தொடாதீர்கள், பம்பைப் பாருங்கள்.

இடது சீல் போனால் புகை இருக்காது. அதனாலேயே அது ஆபத்தானது. அந்தப் பக்கம் எண்ணெய் கிடையாது, வெறும் காற்றை இழுக்கும், பெட்ரோல் கலவை மெலிந்துபோகும். சூடானதும் ஸ்லோ (ஆக்சிலேட்டரைத் தொடாதபோது ஓடும் வேகம்) நிற்காது, தானாக ரேஸ் ஆகும், ஆக்சிலேட்டரை விட்ட பிறகும் சத்தம் இறங்க நேரம் எடுக்கும். எல்லோரும் கார்புரேட்டரைக் கழற்றிக் கழற்றி மாட்டுவார்கள். சூடான எஞ்சினில் சோக்கை லேசாக இழுத்துப் பாருங்கள்: அடைத்துக்கொள்ளாமல் வண்டி நிதானமாக ஓடினால் எங்கோ காற்று இழுக்கிறது என்று அர்த்தம். முதலில் கார்புரேட்டர் ரப்பரை வளைத்து வெடிப்பு இருக்கிறதா என்று பாருங்கள், பாதி வண்டிகளில் குற்றவாளி அதுதான். அது நன்றாக இருந்தால் மேக்னட் கவரைத் திறங்கள். மேக்னட்டுக்குப் பின்னால் வறண்ட தூசி இருக்க வேண்டும். அங்கே உள்ளிருந்து தள்ளப்பட்ட ஈரமான கறுப்பு அழுக்கு வட்டமாகத் தெறித்திருந்தால் சீல் விட்டிருக்கிறது. அதே பக்கம் செயின் ஸ்பிராக்கெட் சீலும் கியர் லீவர் சீலும் இருப்பதால் விரலில் தொட்டு மோந்து பார்த்து எது எது என்று பிரிக்க வேண்டும். இந்த நிலையில் வண்டியை வேகமாக ஓட்டவே ஓட்டாதீர்கள். கலவை மெலிந்து பிஸ்டன் ஜாம் ஆனால் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும்.

சந்தேகமே இல்லாமல் தெரிய வேண்டுமென்றால் காற்றடைத்துப் பார்க்க வேண்டும். மெக்கானிக்குகள் பலர் இதைச் செய்வதில்லை, ஆனால் வீட்டிலேயே செய்யலாம். கார்புரேட்டரையும் சைலன்சரையும் கழற்றி, சைலன்சர் வாயை ரப்பர் அடைப்பால் இறுக்குங்கள். கார்புரேட்டர் ரப்பரில் சைக்கிள் டியூப் வால்வு பொருத்திய ஒரு கட்டையைச் செருகி கிளிப் போடுங்கள், 2டி ஆயில் வரும் துளையையும் அடைத்துவிடுங்கள், பிளக் மாட்டியே இருக்கட்டும். பிஸ்டனை அடியில் நிறுத்துங்கள். டயர் கேஜ் இதற்கு உதவாது, வேண்டியது 5, 6 பிஎஸ்ஐ மட்டுமே. நான் பயன்படுத்துவது பழைய பிபி பார்க்கும் கருவியின் பல்பும் டயலும். 250க்கும் 300க்கும் இடையில் முள் நிற்கும்வரை அழுத்தினால் சரியாக அந்த அளவு வரும், அதற்கு மேல் ஏற்றினால் நல்ல சீலே கழன்றுவிடலாம். முள் ஒரு நிமிடத்தில் 50 புள்ளிக்கு மேல் இறங்காவிட்டால் பரவாயில்லை. சரசரவென்று விழுந்தால் சோப்புத் தண்ணீரை எடுங்கள். மேக்னட்டைப் புல்லர் போட்டுக் கழற்றிவிட்டு அந்த சீல் மேல் தடவுங்கள், சிலிண்டர் அடி பேக்கிங்கிலும் தடவுங்கள். வலது பக்கத்துக்கு கியர் ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்து, கியர் பாக்ஸின் மூச்சுக்குழாயை அடைத்து, அந்த வாயில் சோப்புப் படலம் ஒன்று பூசிவிட்டுக் கவனியுங்கள். என் வண்டியில் அது மெல்ல எழும்பி எலுமிச்சம்பழம் அளவுக்கு உப்பி வெடித்தது. பூசினேன், மறுபடியும் உப்பியது. கிராங்க் கேஸின் நடு இணைப்பு விட்டிருந்தாலும் இதே குமிழ் வரும் என்பதையும் மனதில் வையுங்கள், ஆனால் சீல் போவதுதான் அதிகம்.

பழைய டூ ஸ்ட்ரோக் ஜாவா, யெஸ்டி வைத்திருப்பவர்கள் பக்கத்தை மாற்றிப் படிக்க வேண்டும், அதில் கிளட்ச் இடது, டைனமோ வலது. புல்லட் ஃபோர் ஸ்ட்ரோக், அது வேறு கதை: மூச்சுக்குழாய் அடைத்திருந்தால் புது சீல்கூட ஒழுகும், அதனால் முதலில் அதைச் சுத்தம் செய்யுங்கள்.

சீல் மாற்றும் முன் மேக்னட்டை இரண்டு கையாலும் பிடித்து மேலும் கீழுமாக அசைத்துப் பாருங்கள். கையில் ஆட்டம் தட்டினால் பேரிங் போயிருக்கிறது, புது சீல் சில மாதம்கூடத் தாங்காது, அப்போது எஞ்சினை இறக்கித்தான் ஆக வேண்டும். ஆட்டம் இல்லையென்றால் இடது சீலை வெளியிலிருந்தே மாற்றிவிடலாம். வலது சீல் கண்ணுக்குத் தெரியவே கிளட்சையும் பிரைமரி கியரையும் எடுக்க வேண்டும். சீல் உட்காரும் ஷாஃப்டில் நகத்தை ஓட்டிப் பாருங்கள், பள்ளம் தட்டக் கூடாது. உதட்டில் கிரீஸ் தடவிப் போடச் சொல்லுங்கள். கடையில் ஒரிஜினல் கேட்டு வாங்குங்கள், இரண்டு பக்கமும் ஒரே வயசு ரப்பர்தான், அதனால் இரண்டையும் சேர்த்து மாற்றுவது நல்லது.

நீங்கள் சொன்னதை வைத்துப் பார்த்தால் எனக்கு வலது பக்கம்தான் சந்தேகம். இந்த ஞாயிற்றுக்கிழமை கியர் ஆயிலை மாற்றி, எவ்வளவு ஊற்றினீர்கள் என்று குறித்து வையுங்கள். 300 கிலோமீட்டர் கழித்து எவ்வளவு வடிந்தது, என்ன வாடை என்று எழுதுங்கள், அதன் பிறகு கிளட்ச் கவரைத் திறப்பதா வேண்டாமா என்று பேசலாம்.