குதிரை வண்டிப் போட்டி விதிகள்: கேட்டவர்களுக்குப் பதில்

நெதர்லாந்தில் வேலை பார்த்த காலத்தில் சனி ஞாயிறுகளில் குதிரை வண்டிப் போட்டிகளில் ஸ்டாப்வாட்ச் பிடித்துக்கொண்டு தடையோரம் நின்றவன் நான். இதை இங்கே பெங்களூருவில் ஒரு கல்யாணப் பந்தியில் உளறிவிட்டேன், அன்றிலிருந்து கேள்வி மேல் கேள்வி. வந்தவற்றில் சில:

அல்சூரிலிருந்து ஒரு தம்பி: அண்ணா, யூடியூபில் பார்த்தேன். அதிகப் புள்ளி எடுத்தவர் கடைசியில் இருக்கிறார். தலைகீழாகப் போடுகிறார்களா?

தலைகீழ் இல்லை தம்பி, அந்தப் புள்ளியெல்லாம் அபராதம். குறைவாக வாங்கியவர்தான் ஜெயிப்பார். மூன்று கட்டம் உண்டு. டிரெஸ்ஸாஜில் நடை அழகும் கட்டுப்பாடும் பார்த்து மார்க் போடுவார்கள், அதை 160இலிருந்து கழித்து அபராதமாக்குவார்கள். ஒருவர் 70 சதவீதம் வாங்கினால் 48 புள்ளியோடு அடுத்த கட்டத்துக்குப் போகிறார். அப்புறம் மாரத்தான், அதில் பல வாசல்கள் கொண்ட தடைகளுக்குள் புகுந்து புகுந்து வர வேண்டும். கடைசியில் கோன்ஸ், அதாவது தலையில் பந்து வைத்த கூம்புகளுக்கு நடுவே வண்டியை விடுவது. மூன்றையும் கூட்டினால் முடிவு.

ஜாலஹள்ளியிலிருந்து: கோன்ஸில் பந்து விழுந்தால் முன்பு 5 புள்ளி, இப்போது 3. இரண்டு புள்ளிக்கா இவ்வளவு பேச்சு?

சார், எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். 5, 3 என்ற எண்ணைத் தனியாகப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, நேரத்தோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். கோன்ஸில் அனுமதித்த நேரத்தைத் தாண்டினால் ஒவ்வொரு விநாடிக்கும் அரைப் புள்ளி. அப்படியானால் பழைய விதியில் ஒரு பந்தின் விலை 10 விநாடி. கூம்புக்கும் சக்கரத்துக்கும் நடுவே இரண்டு பக்கமும் ஒரு சாண்கூட இடம் இருக்காது, இதில் எவன் வேகமாகப் போவான்? நேரம் போனால் போகட்டும், பந்து நின்றால் போதும் என்று மெதுவாக ஓட்டுவதே லாபம். 3 ஆனதும் பந்தின் விலை 6 விநாடியாகிவிட்டது. இப்போது ஒரு பந்து போனாலும் பரவாயில்லை, நேரத்தில் முடிப்போம் என்று துணிகிறவர்கள் வந்துவிட்டார்கள். பார்ப்பவர்களுக்கும் சுவாரசியம்.

மாரத்தானிலும் இதே கதைதான். தடைக்குள் இருக்கும் ஒவ்வொரு விநாடிக்கும் முன்பு 0.2 புள்ளி, பிறகு 0.25 ஆனது. அங்கே தடைகளிலும் பந்து உண்டு, விழுந்தால் 2 புள்ளி. கணக்குப் போடுங்கள்: 10 விநாடியாக இருந்த பந்தின் விலை 8 ஆகிறது. பந்து விதியைத் தொடவே இல்லை, ஆனாலும் பந்து மலிவாகிவிட்டது! விதி மாறியதும் நான் முதலில் போடுவது இந்த வகுத்தல் கணக்குதான்.

கே.ஆர்.புரத்திலிருந்து ஓர் அக்கா: மாரத்தான் என்ற பெயரில் குதிரையை வதைக்கிறார்களே?

கவலை நியாயம்தான் அக்கா. முன்பு மாரத்தானில் ஏ முதல் இ வரை ஐந்து பிரிவு, நடை, ட்ராட் (துள்ளோட்டம்), வேக ட்ராட் என்று நீண்டுகொண்டே போகும். இப்போது மிகவும் சுருங்கிவிட்டது. தடைகள் உள்ள கடைசிப் பிரிவுக்கு முன்னால் கட்டாய ஓய்வு உண்டு, அங்கே கால்நடை மருத்துவர் குதிரையைப் பார்ப்பார், அவர் வேண்டாம் என்றால் வண்டி அங்கேயே நிற்க வேண்டியதுதான். நான் பார்த்தவரை ஓட்டுபவர்கள் நடுவரிடம் சண்டைக்குப் போவார்கள், மருத்துவரிடம் போக மாட்டார்கள்.

மும்பையில் குதிரை வண்டிக்குத் தடை வந்ததே, அப்படியானால் இந்த விளையாட்டும்?

அது வேறு. 2015இல் பம்பாய் உயர்நீதிமன்றம் சட்டவிரோதம் என்றது விக்டோரியா வண்டிகளின் உல்லாசச் சவாரியை. இந்தப் போட்டியோடு போட்டுக் குழப்ப வேண்டாம்.

மூக்குப்பட்டை விதி என்கிறார்களே, அது என்ன?

குதிரையின் மூக்கைச் சுற்றி வரும் வார். இறுக்கிக் கட்டினால் வாயைத் திறக்க முடியாது, பார்ப்பதற்கு அடக்கமாகத் தெரியும், குதிரைக்கு வலி. முன்பெல்லாம் அடியில் இரண்டு விரல் நுழைகிறதா என்று பார்ப்பார்கள். யார் விரல்? அங்கேதான் வம்பு. எங்கள் மைதானத்தில் சோதனைக்கு இருந்தவருக்கு வாழைக்காய் மாதிரி விரல், அவர் வரிசையில் யாரும் நிற்க விரும்பவில்லை. சர்வதேசக் குதிரை விளையாட்டுக் கூட்டமைப்பான எஃப்.இ.ஐ. 2025இல் இதற்கென்றே ஓர் அளவுக் கருவியைக் கொண்டு வந்தது. எனக்கு இது ரொம்ப முன்னாலேயே வந்திருக்க வேண்டிய மாற்றம்.

புது விதிப் புத்தகம் வந்தால் எங்கிருந்து படிக்க?

முதல் பக்கத்திலிருந்து படிக்காதீர்கள், தூக்கம் வந்துவிடும். அடித்த வரியும் சேர்த்த வரியும் கலரில் காட்டும் பிரதி ஒன்று வரும், அதை எடுங்கள். பெரும்பாலான மாற்றங்கள் ஜனவரி 1 முதல் அமல். முதலில் அபராத அட்டவணை, அப்புறம் வண்டி எடை, அகலம். நான்கு குதிரை மாரத்தான் வண்டிக்குக் குறைந்தபட்சம் 600 கிலோ என்று படித்திருப்பீர்கள். அந்த எண் மாறினால் சிலர் வண்டியையே மாற்ற வேண்டிவரும், அதனால் அங்கே கண் போகட்டும். அந்தந்த நாட்டுச் சங்கத்தின் விதி கொஞ்சம் வேறாக இருக்கலாம், எந்தப் போட்டிக்கு எந்தப் புத்தகம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

சிவாஜிநகரிலிருந்து: வண்டியின் பின்னால் நிற்கும் உதவியாளர், அதான் கிரூம், காட்டுக் கத்தல் கத்துகிறாரே, விதியில் இடம் உண்டா?

மாரத்தானில் உண்டு. ஏன் கத்துகிறார் என்று ஒருமுறை நேரில் பார்த்தேன். தடைக்குள் ஏ, பி, சி என்று வரிசையாகக் கடக்க வேண்டிய வாசல்கள், வலப்பக்கம் சிவப்பு அடையாளம், இடப்பக்கம் வெள்ளை. முன் குதிரையின் மூக்கு உள்வாசலைத் தொட்டதும் நான் பொத்தானை அழுத்த வேண்டும், பக்கத்தில் ஒரு பாட்டி தாளில் எழுத்துகளை டிக் போடுவார். நான்கு குதிரை, சேறு தெறிக்கிறது, ஏ முடிந்து பி முடிந்து நேராக 'டி' வாசலுக்குள் போய்விட்டார் ஓட்டுபவர். பின்னாலிருந்து 'சி! சி!' என்று அலறல். அந்த இடுக்கில் நான்கையும் திருப்பி, சி வழியாக வந்து, மறுபடி டி. திருத்தியதால் 20 புள்ளியோடு போயிற்று, திருத்தாமல் வெளிவாசலைத் தாண்டியிருந்தால் அன்றைக்கு அவர் வெளியேற்றம். பாட்டி 'டி' எழுத்துக்கு எதிரே போட்ட டிக்கை அடித்துவிட்டு, பென்சிலை நாக்கில் தொட்டு, ஓரத்தில் 20 என்று எழுதினார்.