கெட்டிக்காரப் பிள்ளையின் அம்மா யாரிடம் பேசுவது?

கேள்வி: குடியாத்தத்தில் இருக்கிறோம். கணவர் தறியில் லுங்கி நெய்கிறார். மகனுக்கு எட்டு வயது, அரசுப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு. ஐந்தாம் வகுப்புக் கணக்கை மனசுக்குள்ளேயே போடுகிறான். ராத்திரி பதினொரு மணிக்கு எழுப்பி, “சனிக்கு மட்டும் ஏன் வளையம்?” என்கிறான். கேரமில் தோற்றால் அரை மணி நேரம் அழுகை. போன வாரம் முதலாளி முன்னாலேயே தறியில் நீளவாக்கில் ஓடும் பாவு நூலைப் பார்த்து, “இந்தக் கட்டத்துல ரெண்டு இழை குறையுது” என்றான். எண்ணிப் பார்த்தால் சரிதான், ஆனாலும் அப்பாவிடம் அடி வாங்கினான். மாமியார் அதிகப்பிரசங்கி என்கிறார். அக்கம்பக்கத்தில் சொன்னால் பீற்றிக்கொள்கிறேன் என்கிறார்கள். டபுள் புரமோஷன் கேட்கலாமா? எனக்கே பைத்தியம் பிடித்துவிடும் போலிருக்கிறது.
– ஒரு வாசகி

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடைசி வரிக்குத்தான் முதலில் பதில் சொல்ல வேண்டும். பிள்ளைக்குப் படிப்பு ஏறவில்லை என்றால் ஊரே ஆறுதல் சொல்லும். அளவுக்கு மீறி ஏறுகிறது, சமாளிக்க முடியவில்லை என்றால், “உனக்கென்னம்மா குறை” என்று எழுந்து போய்விடுவார்கள். என் மகளை வளர்த்தபோது இதற்குப் பயந்தே நான் வாய் திறக்கவில்லை. அந்த நாலைந்து வருடம் தனியாகத் தவித்ததை இன்றும் மறக்க முடியவில்லை. நீங்கள் அப்படி இருக்காதீர்கள். உங்கள் பேச்சைப் பெருமையாக எடுத்துக்கொள்ளாத ஒரே ஒரு ஆள் போதும்.

அந்த ஆள் வகுப்பாசிரியையாகவே இருக்கலாம். எண்ணும் எழுத்தும் வகுப்பில் பிள்ளைகளை அவரவர் கற்றல் நிலைப்படி அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்துப் பாடம் நடத்துகிறார்கள். பின்தங்கிய பிள்ளையைத் தூக்கிவிடுவதற்காக வந்த திட்டம் அது. மலரையும் தாண்டிவிட்டவன் சும்மா உட்கார்ந்திருப்பான், அப்புறம் பக்கத்துப் பையனைச் சீண்டுவான். “என் பையன் கெட்டிக்காரன்” என்று தொடங்க வேண்டாம். “முடிச்சிட்டுச் சும்மா இருக்கான் டீச்சர், ஐந்தாம் வகுப்புக் கணக்குப் புத்தகம் கொடுத்தனுப்பட்டுமா?” என்று கேளுங்கள். பெரும்பாலும் சரி என்பார்கள்.

டபுள் புரமோஷன் தப்பில்லை. சில பிள்ளைகளுக்கு அது நன்றாகவே ஒத்துவரும். ஆனால் உங்கள் மகனுக்குக் கணக்கில்தான் வேகம், கேரமில் தோற்றால் அழும் மனசுக்கு எட்டு வயதுதானே? இந்த வருடம் கணக்கை மட்டும் மேலே கொண்டுபோங்கள், வகுப்பு அப்படியே இருக்கட்டும்.

அந்த அழுகைக்காக அவனைத் திட்டாதீர்கள். எல்லாமே முதல் தடவையில் வந்துவிடுகிற பிள்ளைக்குத் தோற்றுப் பழக்கம் இருக்காது. உடனே கைவராத ஒன்றில் இறக்கிவிடுங்கள், நீச்சலோ சைக்கிளோ. விழுந்து எழுந்து பழகட்டும். தூக்கமும் சாப்பாடும் கெட்டு, பள்ளிக்கே போகமாட்டேன் என்கிற அளவுக்குப் போனால் தள்ளிப்போட வேண்டாம். வேலூர் பாகாயத்தில் சி.எம்.சி.யின் மனநலப் பிரிவில் குழந்தைகளுக்கென்றே மருத்துவர்கள் இருக்கிறார்கள்.

ராத்திரிக் கேள்விக்கு ஒரு நோட்டு வாங்கித் தலைமாட்டில் வையுங்கள். “எழுதி வச்சுட்டுத் தூங்கு, காலையில பார்க்கலாம்” என்று சொல்லுங்கள், சொன்னபடி காலையில் உட்காருங்கள். பதில் உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டியதில்லை. கிளை நூலகத்துக்குக் கூட்டிப்போய்ச் சேர்ந்து தேடுங்கள். வளையம் சனிக்கு மட்டும் இல்லை, யுரேனஸுக்கும் உண்டு. 1977-இல் அது தெரியவந்தபோது அதைப் பதிவு செய்த இடங்களில் ஒன்று நம் ஜவ்வாது மலையில், வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியாகப் போகிற காவலூர் வானாய்வகம். பொதுமக்களை அனுமதிக்கும் நாளை விசாரித்துக்கொண்டு ஒருமுறை கூட்டிப்போங்கள். அவன் முகத்தைப் பாருங்கள், உங்கள் அலுப்பும் கொஞ்சம் தீரும்.

வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் “பதினேழாம் வாய்ப்பாடு சொல்லுடா” என்று நிறுத்திவைக்கும் வழக்கம் இருந்தால், இன்றோடு விட்டுவிடுங்கள். கைதட்டுக்குப் பழகிய பிள்ளை தெரியாததைத் தெரியாது என்று சொல்லக் கூசும்.

உங்கள் கணவரிடமும் பேசுங்கள். முதலாளி முன்னால் தலைகுனிவாகப் போனது அவருக்கு வலித்திருக்கும், அது நியாயம்தான். பெரியவர்கள் இருக்கும்போது காதோடு சொல்ல வேண்டும் என்று பையனுக்கும் சொல்லிக்கொடுங்கள். ஆனால் அவன் கணக்குக் கற்றது அப்பாவின் பாவு நூலைப் பார்த்துத்தான். அடுத்த பாவு போடும்போது, கட்டத்துக்கு எத்தனை இழை என்று அவர் அவனையே எண்ணச் சொல்லட்டும்.