கையெழுத்து வாங்கும் முன்: மனநல ஆய்வில் சம்மதம், கேள்வி பதில்

பாலக்கோடு, சமூகப்பணி மாணவி: அக்கா, மனச்சிதைவு நோய் உள்ளவர்களிடம் நேர்காணல் எடுக்கப் போகிறேன். வீட்டில் உள்ளவர்களிடம் சம்மதம் வாங்கினால் போதுமா?

போதாதும்மா. வெறும் நேர்காணல் என்றாலும் அவரிடமே சம்மதம் வாங்க வேண்டும் என்கிறது 2017 மனநலப் பராமரிப்புச் சட்டத்தின் 99ஆம் பிரிவு. காதில் குரல் கேட்கிறவருக்கும் உன் ஆய்வு எதற்கு என்பது நன்றாகவே புரியலாம். நோயின் பெயரைப் பார்த்து முடிவு கட்டாதே.

ஓசூர், களப்பணியாளர்: மேடம், "புரிஞ்சுதா?" என்றால் எல்லோரும் தலையாட்டுகிறார்கள். உண்மையில் புரிந்ததா என்று எப்படித் தெரிந்துகொள்வது?

அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "நான் சொன்னதை உங்கள் வீட்டில் எப்படிச் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். மருந்து ஆய்வில் ஒருவர் எல்லாவற்றையும் சரியாகத் திருப்பிச் சொல்வார். "உங்களுக்கு எந்த மாத்திரை என்று யார் முடிவு செய்வார்கள்?" என்றால், "டாக்டர் எனக்கு எது நல்லதோ அதைத் தருவார்" என்பார். அங்கேதான் கோளாறு. குலுக்கல் முறையில் தருகிறோம், ஒரு பிரிவுக்கு மருந்தில்லாத வெறும் மாத்திரை என்பது தன் விஷயத்தில் அவருக்கு உறைக்கவில்லை. பொறுமையாக மறுபடி விளக்குங்கள், மறுபடி கேளுங்கள். இரண்டாம் முறை பலருக்குப் பிடிபட்டுவிடும்.

ஆய்வில் சேரச் சம்மதம் தரும் திறன் ஒருவருக்கு இருக்கிறதா என்று அளக்க, அமெரிக்க ஆய்வாளர்கள் ஆப்பெல்பாமும் கிரிஸ்ஸோவும் உருவாக்கிய மேக்கேட்-சிஆர் என்ற கேள்விக் கருவி நான்கைப் பார்க்கிறது: புரிதல், அது தனக்குப் பொருந்துவதை உணர்தல், காரணம் சொல்லி யோசித்தல், முடிவைத் தெரிவித்தல். இத்தனை மதிப்பெண் எடுத்தால் தேர்ச்சி என்று அதில் கிடையாது. எந்த அளவு புரிந்தால் போதும் என்பது ஆய்வின் ஆபத்தைப் பொறுத்தது.

இன்னொன்று. தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவரிடம் தமிழ்ப் படிவத்தை நீட்டிவிட்டு, அவருக்குத் திறன் இல்லை என்று எழுதுவது அநியாயம்.

பென்னாகரம், நோயாளியின் அண்ணன்: மேடம், ஆய்வில் சேர வேண்டாம் என்கிறான் தம்பி. அவன் நல்லதுக்காக நான் கையெழுத்துப் போடலாமா?

கூடாதுங்க. அடுத்தவர் கண்ணுக்குத் தப்பாகப் படும் முடிவை எடுத்தார் என்பதற்காகவே திறன் இல்லை என்று சொல்லக் கூடாது என்று இதே சட்டத்தின் 4ஆம் பிரிவு சொல்கிறது. உண்மையிலேயே சம்மதம் தர முடியாத நிலையில் இருப்பவரைச் சிகிச்சை ஆய்வில் சேர்க்க, அவருடைய நியமனப் பிரதிநிதியின் (சட்டப்படி அவர் சார்பில் பேசுகிறவரின்) சம்மதம் மட்டும் போதாது, மாநில மனநல ஆணையத்தின் அனுமதியும் வேண்டும். அதுவும் அவர் எதிர்ப்புக் காட்டாதபோதுதான். உங்கள் தம்பி வாய் திறந்தே மறுத்துவிட்டார். அதனால் அவருக்கு வழக்கமாகக் கிடைக்கும் சிகிச்சையில் ஒரு குறையும் வரக் கூடாது. வைத்தியம் பார்க்கும் டாக்டரே எதிரில் உட்கார்ந்து கேட்டால் பலருக்கு 'வேண்டாம்' என்று சொல்ல நாக்கு எழாது. அப்படியும் சொல்லியிருக்கிறார் என்றால் அதை மதியுங்கள்.

ஊத்தங்கரை, வாசகர்: அம்மாவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கைநாட்டு செல்லுமா?

செல்லும். ஆய்வுக் குழுவைச் சேராத சாட்சி ஒருவர் விளக்கம் சொல்வதில் தொடங்கிக் கடைசி வரை கூடவே இருக்க வேண்டும். கைநாட்டு வைக்கும் நேரத்துக்கு மட்டும் வந்து கையெழுத்துப் போடுகிறவர் சாட்சி ஆகமாட்டார்.

அரூர், செவிலியர்: ஆய்வில் சேர்க்கும்போது தெளிவில்லாமல் இருந்தவர், இரண்டு வாரத்தில் தெளிந்துவிட்டார். பழைய சம்மதமே போதுமா அக்கா?

போதாது. இனி அவரிடம் நேராகக் கேட்க வேண்டும். தூக்க மாத்திரை மயக்கம் தெளிந்த நேரமாகப் பாருங்கள். "இதுவரை நடந்தது இது, தொடர விருப்பமா?" என்று முதலிலிருந்து விளக்குங்கள். வேண்டாம் என்றால் அன்றோடு நிறுத்திவிடுங்கள்.