பத்தொன்பதில் ஐந்து

அன்புள்ள அண்ணனுக்கு,

ராமேஸ்வரம் தீவில், தங்கச்சிமடத்தில் வலை, கயிறு, மிதவை விற்கும் கடை வைத்திருக்கிறேன். வயது நாற்பத்தொன்று. 2007இல், கல்யாணத்துக்கு முன்னால், கடைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் வாழ்க்கையில் செய்ய வேண்டியவை என்று பத்தொன்பது விஷயம் எழுதி வைத்தேன். போன வாரம் பரணில் அந்த நோட்டு கிடைத்தது. சொந்த வீடு, தங்கை கல்யாணம், பைக், கொடைக்கானல், ஒருமுறை விமானம் என்று ஐந்துதான் முடிந்திருக்கிறது. நீச்சல், வத்தை என்கிற சின்ன நாட்டுப்படகில் பாய் கட்டி ஓட்டப் பழகுவது, அம்மாவோடு இருபத்திரண்டு தீர்த்தம் ஆடுவது, காசி, பிள்ளை பிறந்தால் பாம்பன் பாலத்தில் ரயிலில் கூட்டிப்போவது எல்லாம் அப்படியே கிடக்கிறது. நோட்டைத் திறந்தாலே கடன்காரன் வாசலில் நிற்கிற மாதிரி இருக்கிறது. கிழித்துப் போட்டுவிடவா?

(பெயர் வேண்டாம்)

அன்புள்ள தம்பி,

கிழிக்காதீர்கள். பின்பக்கத்தில் யாருடைய பாக்கியாவது இருக்கப் போகிறது.

முடியாமல் கிடப்பதாக நீங்கள் சொன்னவற்றைப் பாருங்கள். காசியை விட்டால் மற்ற எல்லாம் உங்கள் கடையிலிருந்து இருபது கிலோமீட்டருக்குள். கொடைக்கானல் முடிந்துவிட்டது, ராமேஸ்வரம் கோயில் கிணற்றுத் தண்ணீர் இன்னும் தலையில் விழவில்லை! வடக்கே எங்கெங்கிருந்தோ ரயிலேறி வந்து, ஈரத் துணியோடு கிணறு கிணறாக ஓடுகிறவர்களைத் தினமும் பார்க்கிறீர்கள். அவர்கள் பட்டியலில் முதல் வரியே உங்கள் ஊர்தான். நமக்கு அது பக்கத்தில் இருக்கிறது, எப்போது வேண்டுமானாலும் போகலாம். அந்த ‘எப்போது வேண்டுமானாலும்’ எந்தக் காலண்டரிலும் வருவதில்லை.

என் கதையும் இதேதான். உத்தரகோசமங்கை மரகத நடராஜரைச் சந்தனக் காப்பு இல்லாமல் பார்க்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தேன். மார்கழித் திருவாதிரையை ஒட்டித்தான் வழக்கமாகக் காப்பைக் களைவார்கள். நாள் குறித்த வேலை என்பதால், கூட்டத்தில் நாலு மணி நேரம் நசுங்கினாலும் முடிந்துவிட்டது. வீட்டுக்குப் பின்னால் இருக்கும் ஊருணியில் நீச்சல் பழகத்தான் நாற்பத்தாறு வயதாயிற்று. அதுவும் ஐப்பசி, கார்த்திகையில் மழை பெய்து நிறைந்தால்தான் தண்ணீர். தை பிறந்ததும் அக்காள் மகன் ஒரு லாரி டியூபை உருட்டிக்கொண்டு வந்து, “மாமா, இப்ப விட்டா அடுத்த வருசம்தான்” என்றான். டியூபின் வால்வு விலாவில் குத்திக் குத்தி ஒரு வாரம் சட்டை போட முடியவில்லை. படித்துறையில் துணி துவைத்தவர்கள் சிரித்த சிரிப்பு வேறு. இருபதாம் நாள் டியூபை விட்டேன்.

பாம்பன் ரயிலை மட்டும் அடித்துவிடுங்கள். நீங்கள் எழுதியது 1914இல் திறந்த பழைய பாலத்தை நினைத்து. 2022 டிசம்பரோடு அதில் ரயில் நின்றுவிட்டது. 2025 ஏப்ரல் 6 முதல் புதிய பாலத்தில் ஓடுகிறது. அதில் மகளையோ மகனையோ கூட்டிப் போகலாம், போகவும் வேண்டும். ஆனால் பழையதன் மேல் ஊர்ந்து போகும்போது வயிற்றுக்குள் ஒரு கூச்சம் வருமே, அதைக் காட்ட முடியாது. கொஞ்சம் வருத்தப்பட்டுவிட்டு அடித்துவிடுங்கள்.

அம்மாவின் தீர்த்தத்தை முதலில் வையுங்கள். வயதைச் சொல்லவில்லை, எப்படியும் அறுபதைத் தாண்டியிருப்பார். பிரகாரத்துத் தரை முழுக்க ஈரம், முழங்கால் வலி இருந்தால் இருபத்திரண்டும் பெரும்பாடு. தை, ஆடி அமாவாசைப் பக்கமே போகாமல் சாதாரண வார நாளில் போங்கள். முடியவில்லை என்றால் அக்னி தீர்த்தத்தில் காலை நனைத்துக்கொண்டு அம்மாவோடு உட்கார்ந்திருந்துவிட்டு வாருங்கள். என் கணக்கில் அதுவும் முடிந்த வரிதான்.

வத்தைக்கு வருவோம். காற்றைப் பற்றி உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. வாடை அடித்தால் வடக்கே பெண்கடல் பக்கம் குமுறும், தென்மேற்கிலிருந்து கச்சான் காற்று வீசும் காலத்தில் தெற்கே ஆண்கடல் முரண்டு பிடிக்கும். வாடை ஓய்ந்த பிறகு வடக்குக் கரையில் பழகுவதுதான் நல்லது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுக்குத் தடை. கடைசி இரண்டு வாரம் எல்லோரும் வலை, கயிறு கேட்டு வந்து நிற்பார்கள், சரி. முதல் இரண்டு வாரம் கடையில் ஈதானே ஓட்டுவீர்கள்? நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது, சொல்லிக்கொடுக்க ஆளும் கரையிலேயே இருப்பார். உங்களிடம் கயிறு வாங்குகிற ஒருவரை இப்போதே பிடித்து வையுங்கள்.

காசிக்கு ராமேஸ்வரத்திலிருந்தே வாரம் ஒரு ரயில் பனாரஸ் போகிறது. முறைப்படி சேதுவில் மணல் எடுத்துப் போய்த் திரிவேணியில் கரைத்துவிட்டு, கங்கை நீரோடு திரும்பி ராமநாதருக்கு அபிஷேகம் செய்ய வேண்டும். மற்றவர்கள் இதற்காக இரண்டு முறை நாட்டைத் தாண்டுகிறார்கள். உங்களுக்கு வீடு திரும்பினாலே முறை முடிந்துவிடும்.

மற்ற வரிகளை நீங்கள் எழுதவில்லை, அதனால் விடுகிறேன். வத்தைக்கு ஆள் கிடைத்தால் எனக்கும் ஓர் இடம் கேளுங்கள். நீந்தத் தெரிந்தவர் என்று மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள். நம்முடையது ஊருணி நீச்சல்.